பின்னில் தொடங்காத கறை

எண்ணெய்க் கறையா என்று சந்தேகம் வந்தால் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கறை பட்ட இடம் மட்டும் வெளிச்சத்தை உள்ளே விடும். தேயிலைக் கறை நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுத்திருக்கும். ஈரத்தில் வந்த புள்ளி தாளின் இரண்டு பக்கமும் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த அறையின் வாசம் அடிக்கும். துரு என்றால் புத்தகத்தைத் தைத்த கம்பிப் பின்னில்தான் தொடங்கும். பின்னைச் சுற்றி இல்லாத துருவை நான் இதுவரை கண்டதில்லை.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். அறுபதைத் தாண்டிய பிறகும் பழைய கொமிக்ஸ் புத்தகங்களைத் தேடி அலைகிற கூட்டம் நாம். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். போன வாரம் நம்மில் ஒருவர், தன்னிடமுள்ள புத்தகமொன்றில் மண்ணிறப் புள்ளிகள் இருப்பதாகவும் எதைப் போட்டால் போகும் என்றும் கேட்டிருந்தார். தேசிக்காய்ச் சாறு என்றார் ஒருவர். உடுப்பு வெளுக்கிற தூள் என்றார் இன்னொருவர். "முதலில் என்ன கறை என்று பாருங்கள், அதுவரை எதையும் போடாதீர்கள்" என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். இதில் மட்டும் உங்களுக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்டீர்கள். கோபமில்லை. பயம். பத்து வயதில் பிடித்த பயம்.

நம் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். ஒரு பெண்பிள்ளைக்குக் கொமிக்ஸ் பைத்தியம் எப்படி வந்தது என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். எங்கள் வாப்பா அரிசி லொறி ஓட்டினார்.

சம்மாந்துறை ஆலைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். வரும்போது பெரிய வெங்காயமும் பருப்பும் சீனியும் வரும். அவருடைய சீற்றுக்கு அடியில், எனக்கென்று இரண்டு மூன்று கொமிக்ஸ் வரும். எல்லாம் நடைபாதையில் வாங்கிய பழசுகள். இந்தியாவில் அச்சானவை. எத்தனை கை மாறி வந்தனவோ, ஒன்றாவது சுத்தமாக இருந்ததில்லை. ஒன்றில் யாரோ சோறு தின்ற கையோடு புரட்டிய மஞ்சள். ஒன்றில் குழந்தை வைத்த எச்சில். மற்றதில், லொறியிலேயே வைத்து வாப்பாவின் கிரீஸ் விரல்.

வந்ததும் வாப்பா குளித்துவிட்டு லொறியின் மிதிபடியில் உட்காருவார். நான் கீழே மண்ணில். புத்தகத்தை உடனே தரமாட்டார். ஒரு பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டி, "சொல்லு பாப்பம், இது என்ன கற?" என்பார். சரியாகச் சொன்னால்தான் புத்தகம் கைக்கு வரும். பிழையாகச் சொன்னால், "இன்னொருக்காப் பாரு, மணந்து பாரு, வெளிச்சத்துல புடி" என்பார். பிறகு என் முறை. வாப்பா பயணம் போன நாட்களில் நான் சேர்த்து வைத்த கறைகளைக் காட்டி அவரிடம் கேட்பேன். அவர் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லுவார். "இது யானைட மூத்திரம்" என்பார். நான் மண்ணில் புரண்டு சிரிப்பேன்.

ஒருமுறை மஞ்சள் கறையொன்றைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அது கண் முன்னால் இரத்தச் சிவப்பாக மாறியது. புத்தகத்தைக் கொன்றுவிட்டேன் என்று கத்தினேன். வாப்பா என்னைச் செல்லமாக "மன" என்றுதான் கூப்பிடுவார். ஓடி வந்து பார்த்துவிட்டு, "மஞ்சளுக்குச் சவுக்காரம் பட்டா இப்பிடித்தான் மன. வெயில்ல போடு, தானாப் போயிரும்" என்றார். போனது. அன்றிலிருந்து சிவப்பாகத் தெரிவதெல்லாம் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகங்களை வைப்பதற்கு ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தால் தேயிலையும் பழைய தாளும் கலந்த வாசம். அந்த வாசத்தை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் ராத்தாவுக்கு, என் ஒரே அக்காவுக்கு, கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பத்தொன்பது வயது அவளுக்கு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். எங்கள் வளவுக்குள்ளேயே சுவர் எழும்பியது. பகல் முழுக்க சீமெந்து குழைக்கிற சத்தம். தண்ணீர்க் குடத்தின் மேலும், காயப்போட்ட உடுப்பின் மேலும், என் தேயிலைப் பெட்டியின் மேலும் சாம்பல் நிறத்தில் தூசி.

ராத்தாவுக்கு இருமல் தொடங்கியது அப்போதுதான். "சீமெந்துத் தூசி" என்றார் உம்மா. எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கொத்தனாரும் இருமினார், நானும் இருமினேன். மழை தொடங்கி வேலை நின்றபோது எங்கள் இருமல் நின்றது. அவளுடையது நிற்கவில்லை.

அவள் மெலிந்தாள். பக்கத்து வளவிலிருந்த பெரியம்மா, உம்மாவின் மூத்த சகோதரி, "கலியாணப் புள்ள எண்டா அப்பிடித்தான், யோசன" என்றார். பின்னேரத்தில் முகம் சிவந்து உடம்பு சுட்டால், "வெக்கம்" என்றார். கடைசியில் கண்ணூறு என்று முடிவாகி, செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்தப் புகையில் ராத்தா குனிந்து குனிந்து இருமியது எனக்கு நினைவிருக்கிறது. "பாத்தியா, கண்ணூறு கழியிது" என்றார் பெரியம்மா.

மத்தியானங்களில் ராத்தா பாயில் குப்புறப் படுத்து என் கொமிக்ஸ்களைப் படிப்பாள். அவளுக்குப் பிடித்தது ஒரு கப்பல் கதை. கறுப்பும் சிவப்புமாக இரண்டே மையில் அச்சடித்தது. புயல், உடைந்த பாய்மரம், பெரிய வெள்ளை வானம். அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அந்த வெள்ளை வானத்தில்தான் முதலில் கண்டேன். சிறிய சிறிய மண்ணிறப் புள்ளிகள்.

புதுக் கறை ஒன்று கிடைத்த சந்தோசம்தான் எனக்கு முதலில். வாப்பாவுக்குக் காட்ட வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் நானே கண்டுபிடித்துவிட வேண்டும். வெளிச்சத்துக்குப் பிடித்தேன், எண்ணெயில்லை. மணந்தேன், ஈரப்புள்ளியில்லை; மறுபக்கத்துக்கும் வரவில்லை. கம்பிப் பின் பளபளவென்று இருந்தது, துருவில்லை. அச்சு மை தெறித்ததோ என்று ஈரவிரலால் தொட்டேன். மையென்றால் அப்படியே இருந்திருக்கும். இது விரலில் லேசாக ஒட்டி வந்தது.

இன்னும் இரண்டு விஷயம் கண்டேன். புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாக, வால் வைத்ததுபோல் நீண்டிருந்தன. ஏதோ ஒரு இடத்திலிருந்து வேகமாக வந்து விழுந்ததுபோல. எதிர்ப் பக்கத்திலும் அதே புள்ளிகள், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் மாறி. யாரோ ஈரம் காயுமுன் புத்தகத்தை அவசரமாக மூடியிருக்கிறார்கள்.

"ராத்தா, இது என்ன?"

அவள் திரும்பிப் பார்க்காமலே, "சர்பத் சிந்தின" என்றாள்.

சர்பத் என்றால் தாள் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. குசினிப் படியோரம் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுக் குந்தியிருந்து பார்த்தேன். எறும்புகள் தாளில் ஏறின, புள்ளிகளின் மேலால் நடந்தன, இறங்கிப் போய்விட்டன. ஒன்றாவது நிற்கவில்லை. சந்தோசம் அப்போதுதான் போனது.

அடுத்த சில நாட்களில் புதுப் புள்ளிகள் வந்தன. இவை மண்ணிறமில்லை, சிவப்பு. ஒரு இடத்தில் யாரோ ஈரத்துணியால் துடைத்து, அது பரவி, தாளின் முகம் உரிந்திருந்தது. ராத்தா சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்திருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. எங்கள் வெட்டுக்காயத் துணிகளை உம்மா ஒருநாளும் சுடுதண்ணீரில் போடமாட்டார். சூடு பட்டால் அது போகாது, பிடித்துக்கொள்ளும்.

ராத்தா தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனேன்.

"ராத்தா, அது சர்பத் இல்ல. எறும்பு தொடல்ல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை நெருப்பாய்ச் சுட்டது.

"ரத்தமா ராத்தா?"

என் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாத. ஆருக்கும் சொல்லிராத. சொன்னா கலியாணம் நிண்டுரும். வாப்பா இந்த வீட்டுக்கு எவ்வளவு பாடுபட்டிரிக்காரு எண்டு பாக்காயா? உம்மா தாங்கமாட்டா."

"ஒங்களுக்கு என்ன வருத்தம்?"

"ஒண்டுமில்ல. கலியாணம் முடிஞ்சாச் சரியாப் போயிரும். வாயால ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அல்லாஹ்ட மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சத்தியத்தை மீறினால் என்ன நடக்கும் என்று ஓதப்பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நரகம் என்பது அடுத்த தெருவைப்போல உண்மையான இடம்.

அதன் பிறகு வந்த நாட்களைப்போலப் பயந்த நாட்கள் என் வாழ்க்கையில் இல்லை. பின்னாளில் எத்தனையோ பார்த்துவிட்டோம், நீங்களும் நானும். கடல் ஊருக்குள் வந்ததையும் பார்த்துவிட்டோம். ஆனால் அந்தப் பயங்களைப் பங்கு போட ஆட்கள் இருந்தார்கள். அது எனக்கு மட்டும் சொந்தமான பயம்.

அந்த வருத்தத்தின், அந்த நோயின், பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. கசம், காசநோய். ஊரில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பார்கள். ஒரு வீட்டில் அது வந்துவிட்டால் அந்தக் கிணற்றில் அயலவர்கள் தண்ணீர் அள்ளமாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களை யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

ராத்தா செத்துப்போவாள் என்று பயந்தேன். அவளோடு ஒரே பாயில் படுக்கிறேனே, எனக்கும் வந்துவிடும் என்று பயந்தேன். அப்படிப் பயந்ததற்காக அல்லாஹ் தண்டிப்பான் என்றும் பயந்தேன். வெள்ளைத் துணியைக் கண்டால் அதில் துப்பிப் பார்ப்பேன். ஒருநாள் எச்சிலில் சிவப்பாக ஏதோ இருந்தது. கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் காலையில் தின்ற ஜம்புக்காயின் சிவப்புத் தோல் நினைவுக்கு வந்தது.

வாப்பா வந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் மழை விடவில்லை. குளம் நிரம்பி வான்பாய்ந்து வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடுவதாகச் சொன்னார்கள். வாப்பாவின் லொறி அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது.

அந்த மழைக்குள்தான் மாப்பிள்ளையின் தாய் வந்தார். புதுவீட்டுச் சுவர் மழைக்குத் தாங்குமா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். கூட இரண்டு பெண்கள். உம்மா அவர்களை மண்டபத்தில் இருத்தினார். ராத்தாவுக்கு முக்காட்டை இழுத்துவிட்டு, முகத்துக்குப் பவுடர் பூசி, தேத்தண்ணித் தட்டத்தைக் கையில் கொடுத்தார்.

தட்டத்தில் கோப்பைகள் ஆடுகிற சத்தம் கேட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கழுத்து நரம்பு எழும்பி நின்றது. தட்டத்தை வைத்தாள், சலாம் சொன்னாள், திரும்பினாள். வாசல் திரைச்சீலைக்கு அப்பால் போன பிறகுதான் இருமல் வெடித்தது. தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுகிற இருமல்.

"என்ன, புள்ள இருமுறா?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"சீமெந்துத் தூசிதானே. எல்லாருக்கும் இரிக்கி" என்றார் உம்மா.

புழுக்கமாக இருந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் கதிரையில் ராத்தா விட்டுப்போன கப்பல் கதைப் புத்தகம் கிடந்தது. எடுத்தார்.

நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அதால் விசிறத் தொடங்கினார். பக்கங்கள் அவர் முகத்துக்கு முன்னால் படபடத்தன. ராத்தாவின் இரத்தம் பட்ட வெள்ளை வானம் வந்தது, மறைந்தது, வந்தது. "கலியாணப் பொம்புளைக்கு என்னத்துக்கு இந்தப் படப் புத்தகம்?" என்று சிரித்தபடி விசிறலை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை விரித்தார். விரித்த இடம் அதேதான். அடிக்கடி திறந்த புத்தகம் அந்த இடத்திலேயே திறக்கும், உங்களுக்குத் தெரியும்.

"இது என்ன, புள்ளி புள்ளியா?"

ஒன்றும் தெரியாத உம்மா இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன்.

உம்மா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "துரு" என்றார். "மழைக்குக் கம்பிப் பின் துருப்புடிச்ச." கையை நீட்டிப் புத்தகத்தை மெதுவாக வாங்கி மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டார். மேலே இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். பிறகு கலியாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்.

கம்பிப் பின் துருப்பிடிக்கவில்லை. அது உம்மாவுக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். சொல்ல வேண்டிய பொய்யையும் முன்பே யோசித்து வைத்திருக்கிறார். அவருடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது, கைகள் புத்தகத்தை விடவில்லை.

அதுவரை நான் நினைத்திருந்தேன், பெரியவர்களுக்குத் தெரிந்தால் அவர்கள் காப்பாற்றிவிடுவார்கள் என்று. அன்றுதான் உண்மையான பயம் வந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

வெள்ளம் வடிந்து வாப்பா வந்த அன்று வெயில் எறித்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முந்திய நேரம். லொறி வந்து நின்றதும் நான் ஓடவில்லை. வாப்பா குளித்து, சாரனை மாற்றிக்கொண்டு வந்து, வழக்கம்போல மிதிபடியில் உட்கார்ந்தார். சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு பொதியை எடுத்தார்.

"வா மன. என்ன மூஞ்சி ஒருமாதிரி?"

நான் உம்மாவின் அலுமாரிக்கு அடியிலிருந்து எடுத்து வைத்திருந்த கப்பல் கதையை அவரிடம் நீட்டினேன். பக்கத்தை விரித்தேன். வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். கேட்கமாட்டேன் என்று செய்யவில்லை. அந்த ஓட்டையை மழை நாட்கள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன்.

"வாப்பா, சொல்லுங்க பாப்பம். இது என்ன கற?"

வாப்பா சிரித்தார். "இது யானைட..." என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

தாளை வெயிலுக்குப் பிடித்தார். மணந்து பார்த்தார். பின்னைப் பார்த்தார். நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டி, உள்ளங்கையில் தட்டி, அதன் மேல் எச்சில் தொட்டுத் தேய்த்தார். உள்ளங்கை சிவந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரு வாசிச்ச புத்தகம் இது?"

நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வழிந்தது. வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. வாப்பாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

அவர் எழுந்து உள்ளே போனார். ராத்தாவின் நெற்றியில் கை வைத்தார். தலையணையைப் புரட்டினார். அதன் கீழே மடித்து வைத்திருந்த துணிகளைக் கண்டார். "எழும்பு மகள், உடுத்துக்க" என்றார்.

உம்மா வாசலை மறித்தார். "எங்க கொண்டுபோறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஊரே பாக்கும். கலியாணம் மட்டும் முடியட்டும். அதுக்குப் பொறகு நானே கூட்டிட்டுப் போறன், அல்லாஹ்ட ஆணையா."

"செத்த மையத்துக்கா கலியாணம் முடிக்கப்போறாய்?"

உம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "என்ட தங்கச்சிய என்ன செஞ்சாங்க எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். "தோட்டத்துல ஓலக் கொட்டில் போட்டுக் கொண்டுபோய் வச்சாங்க. சோத்த தூரத்துல வச்சிட்டு ஓடி வருவாங்க. பேர் தெரிஞ்ச அண்டைக்கே அவ மௌத்தாப் போயிட்டா. மூச்சு நிண்டதுதான் பொறகு. என்ட புள்ளையையும் அப்பிடி வைக்கச் சொல்றீங்களா?"

எனக்கு அப்படியொரு சாச்சி இருந்தது அன்றுவரை தெரியாது. அவருடைய பெயரை யாரும் சொன்னதில்லை. உம்மா பயந்தது வருத்தத்துக்கு அல்ல, அதன் பெயருக்கு. இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. அன்று நான் உம்மாவை வெறுத்தேன்.

வாப்பா ராத்தாவைத் தூக்கி லொறியின் முன்சீற்றில் ஏற்றினார். பின்னால் சீனி மூட்டைகள் இறக்காமல் அப்படியே இருந்தன. வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். ராத்தா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். லொறி போன பிறகும் உம்மா எழும்பவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சின் ஒரு பக்கம் நன்றாகப் பழுதாகிவிட்டது என்றார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, முடிக்காமல் விட்டாராம். ஊசியும் குளிசையுமாக அவளை மாதக்கணக்கில் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. கலியாணம் வேண்டாம் என்று வாசலுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டுப் போனது. புதுவீட்டுச் சுவர்கள் கூரையில்லாமல் நின்றன. எங்கள் கிணற்றடிக்கு வருவோர் நின்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் வாங்குப் பலகையில் நான் மட்டும் இருந்தேன்.

பெரியம்மா வந்து ராத்தாவின் பாயையும் தலையணையையும் முற்றத்தில் போட்டு எரித்தார். பிறகு என் தேயிலைப் பெட்டியை இழுத்து வந்தார். நான் அதன் மேல் விழுந்து பிடித்தேன். "அவ மூச்சு பட்டது புள்ள, ஒன்னையும் கொண்டுபோயிரும்" என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அவருக்கும் அந்த ஓலைக் கொட்டில் நினைவிருந்திருக்கும். ஈயத்தாள் சுருண்டு சுருண்டு கறுத்தது. மிதிபடியில் வாப்பா விட்டுப்போன கப்பல் கதையையும் நான் அதற்குள்தான் திரும்ப வைத்திருந்தேன். புத்தகத்தால் அந்த வருத்தம் தொற்றாது என்று டொக்டர் பிறகு சொன்னபோது முற்றத்துச் சாம்பலையும் மழை கழுவியிருந்தது.

எங்களையும் சோதித்தார்கள். கையில் ஊசி குத்தி, அந்த இடம் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். முடிவு வரும்வரை நான் சட்டைக் கையை இறக்கிவிட்டு அந்த இடத்தைப் பார்க்காமலே இருந்தேன். எனக்கு இல்லை என்றார்கள். நம்பவில்லை. பல வருடங்கள் நம்பவில்லை. இன்றைக்கும் சளியும் தடிமனும் பிடித்தால் முதலில் கைக்குட்டையைத்தான் பார்க்கிறேன்.

ராத்தா இன்று பேரப்பிள்ளை கண்டவள். அந்தச் சுவர்களுக்குக் கூரை போட்டது வேறொரு மாப்பிள்ளைக்காக, கனகாலம் கழித்து. அவளும் நானும் எதையெல்லாமோ பேசுவோம். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாளைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

சுகமாகிவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முற்றத்திலேயே நின்றார்கள். பெரியம்மா படியேறி வந்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடியபடி மண்டபத்து மூலையில் உட்கார்ந்தார். ராத்தா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். எங்கே நிற்பது, எதைத் தொடுவது என்று தெரியாமல் தன் வீட்டிலேயே விருந்தாளிபோல நின்றாள்.

உம்மா சோறாக்கியிருந்தார். தனித்தனித் தட்டுகளில் போடுவார் என்று நினைத்தோம். அவர் பெருநாளைக்கு எடுக்கிற சஹனை, எல்லோரும் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்துத் தின்கிற அந்தப் பெரிய தட்டத்தை, கொண்டுவந்து பாயில் வைத்தார். நெய்ச்சோற்றைக் கொட்டி, இறைச்சிக் கறியை நடுவில் ஊற்றினார்.

ராத்தா கையை மடியிலேயே வைத்திருந்தாள். "எனக்குப் புறம்பாப் போட்டுத் தாங்க உம்மா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"இந்த வீட்டுல புறம்பு ஒண்டுமில்ல. பிஸ்மி சொல்லித் தின்னு" என்றார் உம்மா.

ராத்தா அசையவில்லை. உம்மா அவளுடைய வலக்கையை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அதைச் சோற்றின் மேல் வைத்தார். அவள் ஒரு பிடி எடுத்ததும், அவள் எடுத்த அதே பள்ளத்திலிருந்து தானும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். முற்றத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மா அவர்களைப் பார்த்தபடியே மென்றார். வாப்பா வந்து உட்கார்ந்து கை வைத்தார்.

நான் மட்டும் நின்றேன். சோற்றில் ராத்தாவின் விரல் பட்ட இடம் எனக்குத் தனியாகத் தெரிந்தது. யாரும் என்னை வா என்று கூப்பிடவில்லை. ராத்தா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "பயமா இருந்தா வாணாம்" என்றாள் மெதுவாக.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எடுத்த இடத்திலிருந்தே ஒரு பிடி எடுத்தேன். விழுங்கும்வரை பயம் போகவில்லை. விழுங்கிய பிறகும் போகவில்லை. அடுத்த பிடியையும் அங்கேயிருந்தே எடுத்தேன்.